உப்பு ஒத்தடம்

சவப்பெட்டிக்காரர் கொடுத்த பையில் வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி, வெள்ளைச் சாக்ஸ் ஒரு ஜோடி, ஒரு ஜெபமாலை இருந்தன. லூர்துமேரி தன் புருஷனின் இடது காலில் சாக்ஸை ஏற்றிக்கொண்டிருந்தாள். கால் விறைத்துவிட்டதால் துணி குதிகாலைத் தாண்ட மறுத்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கடையில் ஒற்றைச் சாக்ஸ் தருவதில்லை, அதனால் இன்னொன்று அவள் மடியில் கிடந்தது.

வாசல் பந்தலில் மகன் தமிழ்ச்செல்வன் வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரே கேள்விதான், எப்படி ஆச்சு என்று. அவனும் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"நான் வாங்கிக் குடுத்த செருப்புங்க. கிறிஸ்மஸுக்கு ஓசூர்ல இருந்து வாங்கியாந்தேன். அது கடிச்சு, புண்ணாகி, காலை எடுத்து, அப்பறம் ரத்தத்துல கலந்துருச்சுன்னாங்க."

"நீ என்னப்பா பண்ணுவ, நல்லதுக்குத்தான வாங்கியாந்த" என்பார்கள். அந்த ஆறுதலைக் கேட்கக் கேட்க அவன் முகம் இன்னும் கறுத்துப்போகும். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமும் இரண்டு மாதமாக இதேதான். உள்ளே லூர்துமேரி சாக்ஸை இழுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செருப்பு யாரையும் கடிக்கவில்லை.

அவள் புருஷன் சவுரியப்பன் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிறவர். மார்கழிக் குளிரில் வால்வுக் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துவிட்டு, விடிந்ததும் ஈரக் காலோடு வீட்டுக்கு வருவார். உடம்பில் பத்து வருஷச் சர்க்கரை வேறு. கிறிஸ்மஸ் முடிந்து ஒருநாள் அப்படி வந்ததும் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு, "காலு ஐஸாட்டம் கெடக்குது மேரி" என்றார். அவள் கல்லுப்பை வறுத்துத் துணியில் மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தாள்.

"சுடவே இல்லையே. இன்னுங் கொஞ்சம் சூடா குடு."

மறுபடி வறுத்தாள். "இப்பவும் ஒண்ணுந் தெரியல" என்றார். மூன்றாம் முறை மூட்டை அவள் உள்ளங்கையைப் பொசுக்கியது. முந்தானையைச் சுருட்டிப் பிடித்து அதை அவர் பாதங்களுக்கடியில் வைத்து, கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டாள். தன் கை சொன்னதை நம்பாமல் அவர் வாய் சொன்னதை நம்பினாள். அவர் சுகமாகத் தூங்கிப்போனார். அவர் குறட்டையைக் கேட்டபடி நிம்மதியாகப் பாத்திரம் கழுவினாள், பாவி. பத்து மணிக்குக் கம்பளியை விலக்கினால் இரண்டு பாதத்திலும் கொப்புளம். அப்போதும் அவருக்கு வலிக்கவில்லை.

நான்கு நாள் கற்றாழை தடவிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இடது கால் ஆறியது, வலது கால் ஆறவில்லை. முதல் நாளே டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். பக்கத்தில் மகன் நின்றிருந்தான். "புதுச் செருப்பு கடிச்சிருச்சுங்க" என்று அவள் வாய் முந்திக்கொண்டது. கட்டிலில் இருந்த சவுரியப்பன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். காலை எடுத்த பிறகு ஒருநாள் மகனிடம், "செருப்பு மேல தப்பில்லடா" என்றார். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றே அவன் நினைத்தான். அன்று மாலையே செருப்பை ஏரியில் வீசிவிட்டு வந்தான்.

பக்கத்துக் கட்டில்காரரிடம் நர்ஸ் சொன்னதை லூர்துமேரியும் கேட்டாள். "சர்க்கரை இருந்தா காலுக்குச் சூடு தெரியாதுங்க. குளிருச்சுன்னா பருத்தி சாக்ஸ் போடுங்க. ஒத்தடம் கித்தடம் வேணாம்." ஒரு ஜோடி சாக்ஸ் போதுமாம்.

"அம்மா, சாமியார் வந்துட்டாரு. பெட்டிய மூடணும்" என்று தமிழ்ச்செல்வன் உள்ளே வந்தான். குனிந்து அப்பாவின் காலைத் தொட்டான். "என்ன மன்னிச்சுருப்பா" என்றான்.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"தமிழு. செருப்பு இல்ல, சாமி."

"வுடும்மா."

"நாந்தான். உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்தேன். சுடலைன்னாரு. இன்னுஞ் சூடா வெச்சேன். வெந்துபோச்சு."

அவன் மெதுவாக நிமிர்ந்தான்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன் கண்ணு."

"சரி. ரெண்டு மாசமா நான் ஊருக்கெல்லாஞ் சொல்லிக்கிட்டு இருந்தனே, கேட்டுக்கிட்டுதான இருந்த?"

ஆமென்று அவள் தலையை ஆட்டினாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் மடியிலிருந்த சாக்ஸை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட வெளியே போனான்.

கல்லறைத் தோட்டம் அரை மைல். மாசி மாதத்து நண்பகல், தார்ச்சாலை கொதித்தது. கோயில் தள்ளுவண்டியில் பெட்டி முன்னால் போக, பெண்கள் பின்னால் நடந்தார்கள். அடுத்த வீட்டு ராமக்காதான் முதலில் கவனித்தாள்.

"ஏ தமிழு, அம்மா வெறுங்கால்ல வருதுப்பா. யாருகிட்டயாச்சும் ஒரு செருப்பு வாங்கிக் குடு."

அவன் திரும்பினான். தாயின் பாதங்களைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு முன்பக்கம் திரும்பி, வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"ஓரமா மண்ணுல எறங்கி வாக்கா" என்று ராமக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

லூர்துமேரி கையை விடுவித்துக்கொண்டு தாரிலேயே நடந்தாள்.