ஒருமுறை உண்டு, ஒருமுறை இல்லை

மேரி ஊசித் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கணினியில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். வெங்கடேஸ்வரன் என்ற பெயருக்குக் கீழே, ஒவ்வாமை என்ற இடத்தில் 'பெனிசிலின்' என்று சிவப்பில் வந்தது. மறுபடி திறந்தாள். 'எதுவும் இல்லை.'

"இப்பம் சொல்லு தேஜு. இதுல எதை நான் நம்பணும்?"

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற தேஜஸ்வினி திரையருகே குனிந்தாள். அந்த வெளிமாநில நகரத்தின் வானவடிப் பகுதியிலிருந்த மருத்துவமனையின் நோயாளி விவரங்களைக் காக்கும் மென்பொருளை எழுதியது விமான் நகரில் அவள் வேலை செய்த கம்பெனிதான். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வருடமாக அதைப் பராமரிப்பது அவள் பொறுப்பு. நாகர்கோவில்காரியான மேரி, அங்கே வார்டு நர்ஸ். தொலைபேசியில் இந்தியில் தொடங்கிய பழக்கம், தமிழ் என்று தெரிந்ததும் நெருக்கமாகிவிட்டது.

நேற்று மேரிதான் கூப்பிட்டுச் சொன்னாள், இவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று சேர்க்கப் போனால் திருத்தும் பக்கம் அடம்பிடிக்கிறது, எதையும் சேமிக்க மாட்டேன் என்கிறது என்று. தேஜஸ்வினி அந்தப் பக்கத்தோடு மல்லுக்கட்டாமல், நேராகத் தரவுத்தளத்துக்குள் போய் அந்த ஒரு வரியை மட்டும் கையால் மாற்றினாள். "மாத்தியாச்சுங் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். இன்று காலை மருத்துவர் திரையில் 'எதுவும் இல்லை' என்பதைப் பார்த்து அதே மருந்தை எழுதிவிட்டார். நோயாளியின் மனைவி சொன்னது மேரிக்கு நினைவிருந்ததால்தான் ஊசி இன்னும் தட்டில் கிடந்தது.

கட்டிலோரம் அந்த மனைவி, பட்டு, கணவரின் போர்வை நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "அட்மிட் பண்றச்சேயே சொன்னேன்மா. கவுன்டர் பொண்ணுகிட்ட ஹிந்தியில, டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல. கட்கியில இருந்தப்போ இந்த ஊசியைப் போட்டுத் தொண்டை அடைச்சு, போய்ட்டுத்தான் திரும்பி வந்தார். உங்க பொட்டியில ஏறலேன்னா நான் இன்னும் எந்த பாஷையில சொல்றது?"

தேஜஸ்வினி மடிக்கணினியைத் திறந்து தரவுத்தளத்தைப் பார்த்தாள். பெனிசிலின். மேரியின் திரையில், 'எதுவும் இல்லை.' வேறொரு வெங்கடேஸ்வரனை மாற்றிவிட்டோமோ? பெயர், வயது, கட்டில் எல்லாம் இவரேதான். யாராவது திருப்பி மாற்றுகிறார்களோ? நேற்று மாற்றியதாக நினைத்தது கனவோ? தன் கண்ணையே சந்தேகப்பட்டு மறுபடி தேடினாள். பெனிசிலின்தான்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஷ்யாமைத் தொலைபேசியில் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னாள்.

"நேரா டேட்டாபேஸ்லயா மாத்தின?"

"ஆமா."

"நம்ம ப்ரோக்ராம் ஒரு ஆளை ஒருதடவை படிச்சா மெமரில வெச்சுக்கும். மறுபடி கேட்டா அங்க இருந்துதான் எடுத்துக் குடுக்கும். அது வழியா மாத்தினாத்தான் அதுக்குத் தெரியும். நீ அதுக்குத் தெரியாம உள்ள போய் மாத்திட்ட. ரெண்டு சர்வர்ல ஒண்ணு அவரை முன்னாடியே படிச்சிருக்கும், இன்னொண்ணு இன்னிக்குத்தான் படிச்சிருக்கும். எது கைல மாட்டுதோ அது சொல்றது தெரியும்."

பழைய நினைவு அழியட்டும் என்று இரண்டையும் நிறுத்தித் திரும்பத் தொடங்கச் சொன்னாள். மருத்துவமனை முழுக்கத் திரைகள் வெறுமையாயின. நடைவழியில் யாரோ, என்ன ஆச்சு என்று கேட்டு, "காய் ஜாலா?" எனக் கத்தினார்கள். பிறகு ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. மேரி பலமுறை திறந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் சிவப்பு. மருத்துவர் வந்து வேறு மருந்து எழுதினார்.

"இனிமே மாறாதே?" என்றாள் பட்டு.

"மாறாதுங்கம்மா."

மேரி ஊசியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "இதுக்கு முன்னால நான் போன் பண்ணி நீ மாத்திக் குடுத்தியே. ரத்த வகை, மருந்து அளவு... அதெல்லாம்?"

தேஜஸ்வினி மடிக்கணினியைப் பையில் போட்டாள். எத்தனை முறை அப்படிப் பின்வழியாகப் போயிருக்கிறாள்! எந்தத் திருத்தம் உடனே தெரிந்தது, எது பழையதாகவே தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் யார் எதைப் படித்தார்கள்? அதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது? எல்லாம் சரியாகவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.

படியிறங்கும்போது கீழ்த்தளத்து வார்டின் கதவு திறந்திருந்தது. அவளுக்குத் தெரியாத ஒரு நர்ஸ், மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, திரையில் ஏதோ ஒரு வரியை விரலால் தொட்டுப் படித்தாள். தலையசைத்தாள். பிறகு ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு, ஒரு கட்டிலின் பச்சைத் திரைச்சீலையை விலக்கி உள்ளே போனாள். சீலை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது.