கைப்பாலும் நாலு ஸ்பீக்கரும்

மூன்றாவது கரண்டிப் பாலும் உள்ளே போகவில்லை. கடைவாயால் வழிந்து நாடியில் தொங்கி, தலையணைக்கு மேல் விரித்திருந்த துவாயில் இறங்கியது. நாகபூஷணி தன் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். ஒன்பது வருசத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்குள் வந்து அரை மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

“துடை பிள்ளை. அப்புவின்ரை வாய்தானே,” என்றாள் அம்மா சிவக்கொழுந்து.

துடைத்தாள். பால் அளவான இளஞ்சூட்டில் இருந்தது. சீனி கூப்பனுக்கும் கிடைக்காத காலம் என்பதால் அம்மா துளி பனங்கட்டி கரைத்து, விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து ஆற்றித்தான் அவள் கையில் கொடுத்திருந்தாள். மாசி மாதம் அவளுடைய தகப்பன் சிவசிதம்பரத்தாரின் வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் கூடவே போய்விட்டது. மிச்சமாக இருந்தது இடது கை ஒன்றுதான். அந்தக் கை இப்போது படுக்கையிலிருந்து எழும்பி, வெறும் காற்றில் எதையோ தேடி, விரித்து, மூடி, மறுபடி விரித்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

“கோயில் கொடியேறின நாளிலயிருந்து இப்பிடித்தான்,” என்றாள் அம்மா. “விடிஞ்சாத் துவங்கிடும். பகல் முழுக்கக் கை இப்பிடித்தான் தேடும். இரவில கொஞ்சம் ஆறிக் கிடப்பார்.”

கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஏரம்பு, அம்மாவின் தமையன், வாயைக் கொப்பளித்து வந்து பேச்சை எடுத்தார்.

“சீவன் எதிலையோ கொழுவிக்கொண்டு நிக்குது. காணி ஆசையோ எண்டு புகையிலைத் தோட்டத்து மண்ணைக் கரைச்சுப் பருக்கினம். பொன் ஆசையோ எண்டு கொம்மாவின்ரை தாலிக்கொடியை உரைச்சுக் குடுத்தம். ஒண்டுக்கும் மசியேல்லை. அப்பதான் நான் சொன்னனான், பெத்த பிள்ளை ஒண்டு அல்லைப்பிட்டியில கிடக்குது, அதின்ரை கைப்பாலுக்குத்தான் மனுசன் கிடக்குது எண்டு.”

ஏரம்பு மாமாவுக்கு மருமகளின் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிடவில்லை. நாளைக்குத் தேர். ஊருக்குள் சவம் கிடந்தால் அதை எடுக்கும்வரை கோயிலில் பூசை இல்லை. “போறதெண்டா இண்டைக்குப் போகவேணும், இல்லாட்டி நாளண்டைக்குப் போகவேணும்” என்று அவர் படலையடியில் நின்று யாருக்கோ சொன்னதை வரும்போதே அவள் கேட்டிருந்தாள். ஆனாலும் அந்த மனிதர் சொன்னதை அவள் நம்பினாள். விடிய அண்ணன் பாலசிங்கம் சைக்கிளில் வந்து, வளவுக்குள் ஏறாமல் வேலிக்கு வெளியே நின்று “அப்பு உன்னைத் தேடுறார்” என்று சொன்ன நேரம் தொடக்கம் அவள் அதை மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருசம் அவர் அவள் பெயரைச் சொன்னதில்லை. நெருப்பென்றால் வாய் வெந்துவிடும் என்பது போலத்தான் இருந்தார். அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன, ஒன்று செத்தது, அதற்கும் ஆள் வரவில்லை. வேதக்கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்து அவளுக்கு மாக்கிறேற் என்று பெயர் வைத்தபோது அந்தச் செய்தி கேட்டு “ஆரது?” என்று கேட்டாராம். அப்படிப்பட்டவரின் கை இப்போது தன்னைத் தேடுகிறது என்றால், அவளுக்கு அதற்கு மேல் இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றுமில்லை.

அவள் கரண்டியை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். அது அவளுடைய விரல்களை உதறிவிட்டு மறுபடி காற்றில் தேடியது.

“அப்பு, நான் பூஷணி. வந்திட்டன்.”

கை நிற்கவில்லை. யன்னலுக்கு அந்தப் பக்கம், இரண்டு பனங்காணி தாண்டி, கோயிலில் நாதஸ்வர இசைத்தட்டு பெருஞ்சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது.

“இந்தமுறை நாலு ஸ்பீக்கர்,” என்றான் வாசலில் நின்ற பாலசிங்கம், ஏதாவது பேச வேண்டுமே என்று. “அப்பு இரண்டோடையே காலத்தைக் கழிச்சவர். நான் புதுசா இரண்டு வாங்கிக் கொழுவினனான். நயினாதீவு வரைக்கும் கேக்குதாம்.”

ஒலிபெருக்கிச் செற் என்னவோ அப்புவினுடையதுதான். அறுபத்தோராம் ஆண்டு புகையிலை நல்ல விலை போனபோது வாங்கிய வால்வ் அம்பிளிபயர். வாங்கிய பிறகு அதற்கு ஏற்ற ஸ்பீக்கர் தேடி அவர் பட்ட பாடு ஊரறியும். பட்டணத்துக் கடையிலிருந்து மூன்று சோடி கொண்டுவந்து மூன்றையும் திருப்பிக் கொடுத்தார். ஒன்று மூக்கால் பாடுகிறது என்றார். மற்றது தகரத்தில் கல்லெறிகிறது என்றார். நாலாவது சோடியைப் பனையில் கட்டிப் பாட்டைப் போட்டுவிட்டு, மண்கும்பான் கடற்கரை வரைக்கும் சைக்கிளில் போய், அங்கே நின்று கேட்டுவிட்டு வந்துதான் சோற்றில் கை வைத்தார். பாலசிங்கத்துக்குப் பெண் பார்க்கக்கூட இந்த மனுசன் இவ்வளவு அலையவில்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். “பொருத்தம் பாக்காமல் கொழுவினா இரண்டும் எரிஞ்சுபோகும்” என்பது அவருடைய வேதவாக்கு. அல்லைப்பிட்டி வேதக்காரப் பொடியன் சவரிமுத்துவோடு அவள் போகிறாள் என்று தெரிந்த அன்றும் அவர் சொன்னது அந்த ஒரு வசனம்தான். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

வெளியே சத்தம் சட்டென்று அறுந்தது. ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடிந்திருக்க வேண்டும்.

கட்டிலில் எழும்பி நின்ற கை மெல்ல இறங்கியது. இறங்கி, அவளுடைய உள்ளங்கைக்குள் வந்து கிடந்தது. முனகல் நின்றது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, மூச்சு நீளமாக, பிள்ளையின் மூச்சுப்போல வந்தது. நாலாவது கரண்டிப் பால் தொண்டைக்குள் இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

“பாத்தியளே,” என்றார் ஏரம்பு மாமா. “நான் சொன்னனான்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாலசிங்கம் முகத்தை அங்காலே திருப்பினான். நாகபூஷணி அந்தக் கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள். ஒன்பது வருசமாக நெஞ்சுக்குள் கிடந்த கல்லொன்று அசைந்து வழிவிட்டது. அவளும் அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். செத்துக்கொண்டிருக்கிற மனிதருக்குப் பக்கத்தில் இருந்து இவ்வளவு சந்தோசப்படலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பத்து நிமிசம் அப்படி இருந்திருப்பாள். அதன் பிறகு கோயில் பக்கம் கரகரவென்று ஒரு இரைச்சல் எழும்பி நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது. அவள் கன்னத்திலிருந்த கை விறைத்தது. நகங்கள் அவள் தாடையில் பதிந்தன. கை அவளை உதறிவிட்டு யன்னல் பக்கம் எழும்பித் தேடத் தொடங்கியது. தொண்டையில் பழையபடி முனகல் எழுந்தது.

“ஐயோ, திரும்ப என்ன செய்யுது இந்த மனுசனுக்கு?” என்றாள் அம்மா.

நாகபூஷணி அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். நாதஸ்வரம் மேலே ஏறும் இடமெல்லாம் பழஞ்சீலை கிழிவதுபோலக் கிழிந்தது. கீழே இறங்கினால் ஒரே உறுமலாக இருந்தது. அந்தச் செற் இப்படிப் பாடாது.

அவளுக்கு அது தெரியும். செற்றின் பின்பக்கம் நாலு, எட்டு, பதினாறு என்று இலக்கமிட்ட மூன்று பித்தளைத் திருகாணிகள் இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் என்றால் வயர் எட்டில் இருக்க வேண்டும். நாலு ஸ்பீக்கர் கொழுவினால் வயரைக் கழற்றி நாலில் போட வேண்டும். மாற்றாவிட்டால் சத்தம் கிழியும், வால்வ் சிவக்கும், ஒரு நாள் செற்றே எரியும். நாலு ஸ்பீக்கர் ஒரேயொரு தரம்தான் போட்டார்கள். அல்லைப்பிட்டி வேதக்கோவில் பெருநாளுக்கு. இரவல் ஸ்பீக்கர் இரண்டை அப்பு கொழுவ, ரோச் லைற் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். கம்பத்தில் ஏறிக் கட்டித் தந்தவன் சவரிமுத்து.

அண்ணன் புது ஸ்பீக்கர் வாங்கிக் கொழுவினானே ஒழிய, பின்பக்கத்தைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டான். கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள், விடியப்புறம் தொடங்கி இருட்டும்வரை, எழும்ப ஏலாத, சொல்ல ஏலாத மனுசன் இதைக் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அப்படியென்றால் கை தேடியது அவளை இல்லை.

வாய் திறக்காமல் இப்படியே இருந்துவிடலாம். இவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். இன்னும் ஒரு மணித்தியாலமோ இரண்டோ, கையைப் பிடித்தபடி இருந்தால், அப்பு கடைசியில் அவளைத்தான் தேடினார் என்பது ஊர்க்கதையாகிவிடும். எழும்பிப் போனால் அதுவும் இல்லை. திரும்பி வரும்வரை மூச்சு இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அந்த முனகல் உயர்ந்துகொண்டே போனது. அவள் கரண்டியை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

“ஒருக்கா வாறன்.”

“இந்த நேரம் எங்கை போறாய்?”

“கால் கழுவிப்போட்டு வாறன் அம்மா.”

கிணற்றடியால் போய், வேலிப் பொட்டுக்குள்ளால் பனங்காணிக்குள் இறங்கினாள். கோயிலுக்குள் போகத் தேவையில்லை. செற் எப்போதும் மதிலுக்கு வெளியே கிடுகுக் கொட்டகைக்குள்தான் இருக்கும். கிட்டப் போகமுன்னமே செற்றுக்குள் மெழுகு கருகும் மணம் வந்தது. அப்புவோடு முந்தித் தோட்டம் செய்த தம்பிஐயா கொட்டகைக்குள் வாங்கில் இருந்து இசைத்தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

“பிள்ளை... கொப்பர்...?”

“இருக்கிறார். செற்றை நிப்பாட்டுங்கோ, தம்பிஐயா அண்ணை.”

“பாலசிங்கம் ஒண்டையும் தொடவேண்டாமெண்டு...”

அவள் எட்டித் தானே ஆளியை அமர்த்தினாள். இரண்டு பெரிய வால்வும் அடுப்புத் தணல்போலச் சிவந்திருந்தன. ஆறவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரு சுருட்டுக் குடித்து முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் அப்பு, தான் ஒருநாளும் காத்திருந்ததில்லை. அவளுக்கும் அவ்வளவு நேரம் இல்லை. வால்வுகளுக்கும் தட்டிக்கும் இடையில் கையை விட்டு, எட்டாம் திருகாணியைத் தடவிப் பிடித்து, கழற்றி, வயரை நாலில் சுற்றி இறுக்கினாள். விரல்கள் வால்வின் கண்ணாடியில் பட்டுப் பொசுங்கின. அவள் கையை எடுக்கவில்லை.

“இப்ப போடுங்கோ.”

போட்டார். வால்வ் சூடாகும்வரை ஒன்றும் இல்லை. பிறகு நாதஸ்வரம் மெதுவாக எழும்பி, உடையாமல், கிழியாமல், வெறும் வெளிக்கு மேலால் நேரே போனது.

“அட,” என்றார் தம்பிஐயா. “இதென்ன இது, கொப்பர் போடுற மாதிரியல்லோ கிடக்கு.”

அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள். பனங்காணி நடுவில் ஒருதரம் நின்று வீட்டுப் பக்கம் காது கொடுத்தாள். நாதஸ்வரம் மட்டும்தான் கேட்டது. வேலிப் பொட்டைத் தாண்டிக் கிணற்றடிக்கு வந்தபோது அம்மாவின் குரல் ஓவென்று எழும்பியது. கொஞ்ச நேரத்தில் யாரோ கோயில் பக்கம் ஓடினார்கள். பாட்டு பாதியில் நின்றது.

உள்ளே அப்புவின் கை நெஞ்சின் மேல் கிடந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை, தானாகவே கிடந்தது.

“எங்கையடி போனனீ?” என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். “நீ போய்க் கொஞ்ச நேரத்தால முனகல் நிண்டிட்டுது. கை இறங்கிச்சு. முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, கண்ணை நல்லா முழிச்சுப் பாத்தார். உன்னைத்தான் தேடினவர் பிள்ளை. உன்ரை கைப்பாலுக்குத்தான் இவ்வளவு நாளும் கிடந்தவர்.”

முகம் யன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

“ஓம் அம்மா,” என்றாள் நாகபூஷணி.

அதன் பிறகு வந்தவர் எல்லோருக்கும் அந்தக் கதையே சொல்லப்பட்டது. ஏரம்பு மாமா படலையடியில் நின்று, ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். இருட்டுமுன் எடுத்தால் நாளைக்குத் தேருக்குத் தடையில்லை என்பதையும் மறக்காமல் சொன்னார். பாலசிங்கம் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

“வாயாலதான் சொல்லேல்லை,” என்றான். “மனசுக்குள்ளை வச்சிருந்திருக்கிறார் பார்.”

“ஓம் அண்ணை.”

பறை மேளம் வந்து, குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளத் தொடங்கியபோது அம்மா அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். விடிய வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை என்று தேத்தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். கோப்பையை வாங்க அவள் இடது கையை நீட்டினாள்.

“மற்றக் கைக்கு என்ன?”

பெருவிரலும் அடுத்த இரண்டு விரலும் வெள்ளையாகக் கொப்பளித்திருந்தன. நாகபூஷணி அதைச் சேலைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

“பால் சுட்டுப்போட்டுது, அம்மா.”

சிவக்கொழுந்து அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பாலை விரல் விட்டு ஆற்றியவள் அவள். பெருவிரலிலும் பக்கத்து இரண்டு விரலிலும் இதே இடத்தில் செற் சுட்ட எரிகாயத்தோடு ஒரு மனுசன் பதின்மூன்று வருசம் அவள் போட்ட சோற்றைப் பிசைந்து தின்றிருக்கிறார். அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குசினி யன்னலால், சத்தமில்லாமல் கிடந்த கோயில் பக்கத்தைப் பார்த்தாள்.

தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து நிலத்தில் குந்தி, அந்த விரல்களைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் பூசத் தொடங்கினாள்.