இருட்டு என்றால் அணைக்க வேண்டும்

சுண்ணாம்புக் குகையைச் சுற்றிக் காட்டுகிறவனுக்கு வாய்தான் பிழைப்பு. சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு அவன் "கரடி" என்றால், மேலே விளக்கறையில் இருக்கும் தங்கை கரடி மண்டையோட்டின் மேல் வெளிச்சம் போடுவாள். "இருட்டு" என்றால் எல்லாவற்றையும் அணைப்பாள். வந்த சனம் கும்மிருட்டில் வாய் பிளந்து நிற்கும். யோசிக்காமலே செய்கிற அளவுக்கு அவள் கை அதற்குப் பழகியிருந்தது.

அங்கே எலும்பாய்க் கிடந்த கரடிகளும் சிங்கங்களும் இன்று பூமியில் இல்லாத இனங்கள். நடுக்குகையில் கிணறு மாதிரி ஒரு பள்ளம். அதில் தெரியாமல் விழுந்து, ஏற வழியில்லாமல் செத்து, குவிந்து கிடந்தன. விளிம்பில் வேலி என்ற பெயரில் ஒரு கயிறு.

தங்கை இந்த வேலைக்கு வந்ததே புருஷனுக்குப் பயந்து. அந்தப் புண்ணியவான் அவள் தாடையை உடைத்திருந்தான். மறுபடி கையில் கிடைத்தால் உயிரை எடுத்துவிடுவான் என்று அண்ணனுக்குத் தெரியும்.

புருஷன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். கூட்டமில்லாத மத்தியானத்தில், விருந்துக்கு வருகிறவன் போலப் படியிறங்கி வந்தான். "மாப்பிள்ளை" என்று அண்ணன் வாயெடுப்பதற்குள் இரும்புக் கம்பி விலாவில் இறங்கியது. அடுத்தது முழங்காலில். அதற்கடுத்ததில் பல் தெறித்தது. அவள் எங்கே என்று அடிக்கு அடி கேட்டான். அண்ணன் ரத்தத்தைத்தான் துப்பினான். மைக் ஓடிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் கேட்டு அவள் இறங்கி வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவனுக்குப் பயம்.

புருஷன் அவனைப் பள்ளத்தின் விளிம்புக்கு இழுத்துப்போனான். சட்டையைக் கொத்தாகப் பிடித்து, முகத்தோடு முகம் வைத்து உறுமினான்.

"எந்த இருட்டுலடா அவள ஒளிச்சு வெச்சிருக்க?"

குகை முழுக்க விளக்கு அணைந்தது.

அண்ணன் சட்டையை அவன் பிடியிலிருந்து உருவிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்தான். கண் தெரியாமல் வீசிய கம்பி காற்றைத்தான் அடித்தது. வீசிய வேகத்தில் கயிற்றைத் தாண்டி ஆளும் போனான். கீழே எலும்புகள் நொறுங்கின. எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முனகல் வந்தது. "மச்சான், கால் போச்சு. லைட்டப் போடச் சொல்லு."

அவன் செத்துத் தொலையட்டும் என்றுதான் அண்ணனுக்கு இருந்தது. ஆனாலும் மைக்கில் கேட்டான்: "வெளிச்சம் போடும்மா."

ஒலிபெருக்கியில் தங்கையின் குரல் நிதானமாக வந்தது.

"பழக்கத்துல கை அணைச்சிடுச்சு அண்ணா. போடத்தான் வர மாட்டேங்குது."

அண்ணன் இரண்டாவது தடவை கேட்கவில்லை.