விஸ்கி அலமாரியில் லென்

1

இந்தக் கதை எனக்குப் பின்கட்டு வேலி வழியாக வந்தது. பக்கத்து வீட்டு ஏவ்ரில் ஹாக்ஸ்வர்த் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருந்த கிளிப்பை எடுக்காமலே சொன்னார்:

"நீ கதை எழுதுவியாமே கண்ணு. என் வீட்டுக்காரர் ரெண்டு தடவை எரிஞ்ச கதையை எழுதேன்."

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். முதல் தொடக்கம் இது:

ஷெஃபீல்டின் அணைந்த உலைகள்மீது மழை ——

[மழை எங்கள் ஊரில் எல்லாவற்றின்மீதும்தான் பெய்கிறது. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது:

ஒரு காலத்தில் எங்கள் பேட்டையில் முக்குக்கு முக்கு ஒரு பப் இருந்தது. இன்று அவற்றில் ——

[இதை இந்த ஊரில் யாரும் எழுதலாம், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். ஏவ்ரிலுக்கு நடந்தது அவருக்கு மட்டும்தான் நடந்தது.]

ஆகவே நேராக லென்னுக்கு வருகிறேன்.

2

லென் எஃகு உருட்டாலையில் வேலை பார்த்தவர். வேலை விட்டால் கால் தானாக 'கிரைண்டர்ஸ் ரெஸ்ட்'டுக்குத் திரும்பும். (மாவரைக்கிற கிரைண்டர் அல்ல. கத்திக்குச் சாணை பிடிக்கிறவர்களின் பெயரால் வந்த பப்.) ஜன்னலடி நாற்காலி அவருடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், பக்கத்தில் நின்றுகொண்டே குடிப்பார். உட்கார்ந்தவரே கூசி எழுந்துவிடுவார்.

வீட்டில் ஏவ்ரில் அவருடைய சாப்பாட்டுத் தட்டை மூடி, கொதிக்கிற சட்டியின் மேல் வைத்துவிட்டுக் காத்திருப்பார். குழம்பு ஓரத்தில் காய்ந்து தோலாகும். ஆலை மூடிய பிறகும் அதே கதைதான். வேலை இல்லாததால் லென் இன்னும் சீக்கிரமாகவே கிளம்பினார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு நுரையீரல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே ஏவ்ரிலிடம் சொன்னார்:

"என்னை மலை மேல கல்லறைக்குக் கொண்டுபோயிடாதே. வெறும் காத்து, பேச ஒரு ஆள் கிடையாது. எரிச்சு, நெவில் கடையில விஸ்கி பாட்டில் பக்கத்துல வெச்சிடு."

"உயிரோட இருந்தப்பவும் அங்கதான். செத்தும் அங்கயா?"

"நீயும் வாயேன்."

[இந்தக் கடைசி வரியை லென் சொன்னாரா? சொன்னார் என்று ஏவ்ரில் ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள், "அந்த மனுஷனாவது கூப்பிடறதாவது" என்றார். நான் வைத்துக்கொள்கிறேன்.]

3

பப்பை நடத்திய நெவில் ஸ்டானிஃபோர்த் வார்த்தை தவறாதவர். விஸ்கி அலமாரியில் இரண்டு பாட்டில்களை நகர்த்தி, சாம்பல் இருந்த செப்புக் கலயத்துக்கு இடம் செய்தார்.

ஏவ்ரில் முதலில் போனது தூசி தட்டுகிறார்களா என்று பார்க்கத்தான். அடுத்த வாரம் கோட்டைக் கழற்றாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தார். அப்புறம் கோட்டைக் கழற்றினார். அப்புறம் எலுமிச்சை சோடா கலந்த பியர் ஒரு அரை கிளாஸ், லென்னுடைய நாற்காலியில். மத்தியானமானால் தலை வாரிக்கொண்டு, உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு கிளம்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

"எங்க, மாப்பிள்ளையைப் பாக்கவா?" என்பேன்.

"இப்பத்தானே நான் பேசறதைக் குறுக்கே பேசாம கேக்கறார்."

ஒரு சனிக்கிழமை, பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் கலயத்தைப் பார்த்துக் கிளாஸைத் தூக்கி, "பாட்டே போச்சு" என்றார்.

"என்ன பாட்டு?" என்று கேட்டார் ஏவ்ரில்.

நெவில் கிளாஸ் துடைப்பதை நிறுத்தினார். "லென்தான். சனிக்கிழமையானா பாடுவாரே. அந்தக் குரலுக்குக் கடையே அழும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நாற்பது வருஷம் அதே மனிதருக்குத் தட்டைச் சூடாக வைத்தவர். வீட்டில் லென் சீட்டி அடித்துக்கூடக் கேட்டதில்லை. அன்று வேலியோரம் நின்று என்னிடம் கேட்டார்: "ஒரு வரி கண்ணு. எனக்காக ஒரு வரி பாடியிருக்கக் கூடாதா?"

அதற்காகப் போவதை நிறுத்தவில்லை. யாரிடமாவது அந்தப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்கள் முனகிக் காட்டுவார்கள். யாருக்கும் மெட்டு சரியாக நிற்காது.

4

பப் மூடியது. ஏன் என்று பத்தி பத்தியாக எழுதி ——

[அடித்துவிட்டேன். குடித்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், இருந்தவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் டின் வாங்கி வீட்டில் குடித்தார்கள், கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனிக்கு எங்கள் தெரு எந்தத் திசை என்றே தெரியாது. போதும்.]

கடைசி நாள் நெவில் கலயத்தை இறக்கி, கவுண்டர் துண்டில் சுற்றி நீட்டினார்.

"இந்தாங்க ஏவ்ரில்."

"எதுக்கு?"

"எதுக்கா? நாளைக்கு ஜன்னலுக்குப் பலகை அடிக்கிறாங்க."

"வேற யாராவது எடுத்து நடத்துவாங்கன்னு கம்பெனிக்காரன் சொன்னானே. வர்றவர்கிட்ட இது லென்னுன்னு சொல்லிட்டுப் போ."

"அவன் எல்லாக் கடையிலயும் அதைத்தான் சொல்றான். யாரும் வரமாட்டாங்க."

"எடுத்த இடத்துல வை நெவில்."

நெவில் துண்டைப் பிரித்துக் கலயத்தை அலமாரியில் வைத்தார். துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் அதையும் பக்கத்தில் மடித்து வைத்தார்.

இந்த இடத்தில்தான் நான் ஏவ்ரிலைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன். ஒரு பிரதியில் அவர் நம்பிக்கையோடு விட்டுவிட்டு வருகிறார்: பப் திறக்கும், விளக்கு எரியும், லென் அங்கே இருப்பார். இன்னொரு பிரதியில் வஞ்சத்தோடு விட்டுவிட்டு வருகிறார்: பாடினதும் அங்கேதானே, அங்கேயே கிட. இரண்டுமே நன்றாக வந்திருந்தன. எது சரி என்று அவரிடமே கேட்டேன்.

"துணி காஞ்சிருச்சா பாரு" என்றார்.

5

பலகை அடித்த கட்டடத்தில் மாதக்கணக்காகப் புறாக்கள் இருந்தன. ஒரு விடியற்காலை அது பற்றிக்கொண்டது. யார் வைத்த தீ என்று யாரும் பெரிதாகத் தேடவில்லை.

ஏவ்ரில் வீட்டுச் செருப்போடும் இரவு உடைக்கு மேல் போட்ட கோட்டோடும் ஓடினார். கூரை பாதி உள்ளே இறங்கியிருந்தது. குறுக்கே கட்டியிருந்த நாடாவை அவர் தூக்க, தீயணைப்பு வீரர் ஒருவர் கை காட்டி மறித்தார்.

"தள்ளி நில்லுங்கம்மா."

"என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கார்."

வீரர் முகம் மாறியது. திரும்பிக் கத்தினார். முகமூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அதை மறுபடி மாட்டிக்கொண்டு ஓடினார்கள். புகைந்துகொண்டிருந்த உத்தரத்துக்கு அடியில் இரண்டாமவர் குனிந்து நுழைவதைப் பார்த்தபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது ஏவ்ரிலுக்கு உறைத்தது.

"வேண்டாம்! வரச் சொல்லுங்க! அவர் செத்துட்டார்!"

"எப்போம்மா?"

"நாலு வருஷமாச்சு."

[இங்கே உத்தரம் விழுந்தது என்று எழுதியிருந்தேன். விழவில்லை. இரண்டு பேரும் வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து இருமினார்கள்.]

அந்த வீரர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஏவ்ரில் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கம் வெச்சிருந்தீங்க?" என்றார்.

"விஸ்கிக்குப் பக்கத்துல."

தீ முழுக்க அடங்கிய பிறகு மண்வாரியோடு உள்ளே போனார். ஒரு வாளியோடு திரும்பி வந்தார். கறுப்புச் சேறு, உருகிய கண்ணாடி, காரை.

"இதுல எது அவர்னு எனக்குச் சொல்லத் தெரியலைம்மா."

ஏவ்ரில் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது கூரை" என்றார். விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டு நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதன் பிறகு மத்தியானங்களில் அவர் எங்கும் போவதில்லை.

6

நடந்தது அவ்வளவுதான். ஆனால் எழுதுகிறவனால் சும்மா இருக்க முடியுமா? வேறொரு முடிவு எழுதினேன்:

இடிபாட்டுக்குள் கைவிட்ட வீரர் எதையோ தூக்கினார். செப்பு கரியாகியிருந்தது. மூடி மட்டும் இறுகியே இருந்தது. உள்ளே லென் அப்படியே இருந்தார்.

ஏவ்ரில் வீட்டுச் சமையலறையில், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, இதைப் படித்துக் காட்டினேன்.

"மூடி திறக்கவே இல்லையா?"

"இல்லை."

அவர் முகத்தில் சந்தோஷம் போல ஏதோ ஏறி வந்தது. அது போக நேரமாகவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் கதை முடிஞ்சுது."

"உனக்கு முடிஞ்சுது. கலயம் இப்ப என் கையிலதானே இருக்கு? எங்க வைக்கிறது?"

"இங்கயே, வீட்டில..."

"நாற்பது வருஷம் வீட்டுல இரு, இருன்னேன். இருந்தாரா?"

"மலை மேல?"

"வேண்டாம்னு வாக்கு வாங்கிட்டுத்தானே கண்ணை மூடினார்."

"வேற பப்..."

"எது? எல்லாப் பப்பும் மூடியாச்சு. ஆன்வில்ல கார்ப்பெட் விக்கிறான். ரெயில்வே டாவர்ன்ல குழந்தைகளை விட்டுட்டு வேலைக்குப் போறாங்க. ப்ளூ பிக்ல கார் நிறுத்தறாங்க. டவுனுக்குள்ள இருக்கிற கடைங்கள்ல அவரை யாருக்குத் தெரியும்? இந்தா, இது லென், சனிக்கிழமை பாடுவார்னு நான் யார்கிட்ட குடுப்பேன்? சொல்லேன்."

அந்த முடிவை அடி என்று அவர் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

கலயத்தைத் தீயிலிருந்து எழுதி எடுத்தது நான். எடுத்திருக்கக் கூடாதோ என்னவோ. இப்போது அது மேசையில், எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறது. ஏவ்ரில் அதைத் தொடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அடுத்த வரி வரவில்லை. உங்களுக்குத் தெரிந்து எங்காவது, ஒரு ஜன்னலடி நாற்காலியும், அவர் பெயரைச் சொல்லிக் கிளாஸைத் தூக்க ஒரே ஒரு ஆளும் இருக்கிற இடம் ——