காயும் வரைக்கும்

பன்னட்டைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பார்த்த பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று இஷ்பெலுக்கு உறைத்தது.

அப்பாவின் தலையில் ஐம்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்த பன்னட். இப்போது சுருங்கித் தடித்து, பிசைந்து வைத்த மாவு மாதிரி கையில் கிடந்தது. கம்பளியை வெந்நீரில் போடக்கூடாது என்று தெரியாத பெண் எங்கள் ஊர் ஆபர்ஃபெல்டியில் கிடையாது. ஆனால் மூன்று நாளாகக் கண்ணை மூடாதவள், கொதித்த கெட்டிலை அப்படியே தொட்டியில் சாய்த்துவிட்டாள். அழுக்கோடு சவப்பெட்டிமேல் வைத்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான் காரணம்.

அப்பா டூகல் மிங்கிஸ் முன்னறையில் பெட்டிக்குள் இருந்தார். மதியம் இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும். சாவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "பெட்டிமேல பூ கீ எதுவும் வேணாம். பன்னட்ட வை. என் தலைல எப்படி இருந்துச்சோ அப்படியே வை."

அதைத் தொப்பி என்று யாராவது சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் கொடுத்த காக்கி பன்னட் அது. உச்சியில் கம்பளிக் குஞ்சம், இடப்பக்கம் பேட்ஜ். புதிதில் நனைத்துத் தலையில் மாட்டிக்கொண்டு காயும் வரைக்கும் கழற்றாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அது அவனவன் தலை வடிவத்துக்கு வரும். முதல் யுத்தத்தில் பிரான்ஸ் சேற்றிலிருந்து தலையும் பன்னட்டுமாகத் திரும்பி வந்தவர், ஊரில் தபால்காரர் ஆனார். வேலைக்குக் கொடுத்த தொப்பியைப் பையில் போட்டுக்கொண்டு பன்னட்டோடுதான் சைக்கிள் மிதித்தார். மேலதிகாரி கேட்டதற்கு, "தொப்பி பையில பத்திரமா இருக்குங்க, ஒரு சொட்டு மழ படல" என்றார். அந்தப் பன்னட்டில் முட்டை வாங்கி வந்திருக்கிறார், ராஸ்பெரி பறித்து வந்திருக்கிறார், ஆற்றில் மிதந்த பூனைக்குட்டியைப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்.

இரண்டாவது யுத்தம் வந்தபோது எங்கள் பெண்கள் தபால்காரரின் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். தலையைப் பார்த்தார்கள். பன்னட் தலையில் இருந்தால் கடிதம். கேட்டிலேயே கழற்றினார் என்றால் தந்தி. செத்துப்போன பிள்ளைக்கு அவன் வீட்டு வாசலில் அப்படியொரு மரியாதையைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அவராகச் செய்தார்.

"என்னக்கா அது?"

தம்பி ஸ்ட்ரூவன் சமையலறை வாசலில் நின்றான். நேற்றுச் சாயங்காலம் பஸ்ஸில் வந்தவன், இன்னும் முன்னறைக்குள் போகவில்லை. சர்க்கரை ஜாடியில் சாய்த்து வைத்திருந்த சீட்டையும் தொடவில்லை. குழிக்குள் பெட்டியை இறக்க எட்டுக் கயிறு. யாருக்கு எந்தக் கயிறு என்று சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம். ஒன்றாம் நம்பர், தலைமாட்டுக் கயிறு, மகனுடையது. பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. இவன் பிடிக்காவிட்டால் அப்பாவின் தலைமாட்டில் வீட்டு ஆள் என்று ஒருவரும் இருக்கப்போவதில்லை. இஷ்பெலை அரித்துக்கொண்டிருந்த கவலை அதுதான்.

"அப்பா பன்னட்டுடா. வெந்நீர்ல போட்டுட்டேன்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. "பச்சத்தண்ணில நனைச்சு இழுத்துப் பாரேன்."

"வெறுமனே இழுத்தா நிக்காது. ஒரு தலைல மாட்டிக் காயவிடணும். அவரு தலை அளவுக்கு ஒரு தலை வேணும்."

இஷ்பெல் தம்பியின் தலையைப் பார்த்தாள். அந்த அளவுத் தலை ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது.

இருபது வருஷத்துக்கு முன்னால், கொரியச் சண்டைக்கு ஆள் எடுத்தபோது, துப்பாக்கி தொடமாட்டேன் என்று இவன் எழுதிக் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளப் போனான். இதே சமையலறையில் வைத்துத்தான் அப்பா சொன்னார்: "அது என் பன்னட்டுக்கு ஆகாத தலைடா." இவனும் சொன்னான்: "உங்க பன்னட் என் தலைல ஏறவே ஏறாது." ரெண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். நடுவில் கிடந்து வெந்தவள் இஷ்பெல்.

ஸ்ட்ரூவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தான்.

"மாட்டு."

அவள் குழாயடியில் நனைத்து இழுத்தாள். முதலில் உச்சியிலேயே நின்றது. பக்கத்துக்குப் பக்கம் இழுத்து, கட்டைவிரலால் அமுக்கி, நெற்றிவரை இறக்கினாள். பட்டை பொருந்தி உட்கார்ந்தபோது நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. குளிர்ந்த தண்ணீர் அவன் பிடரியிலும் கன்னத்திலும் வழிந்தது. மார்ச் மாதத்துப் பனித்தண்ணீர்.

"செத்தேன்கா" என்றான்.

"பேசாம இரு. ஒரு வீட்டுல ஒண்ணு போதும்."

பத்து மணிக்கு ராட்டரி வந்தார். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த சார்ஜென்ட். அந்த விஷயத்துக்குப் பிறகு ஸ்ட்ரூவனுக்குக் கை கொடுத்ததில்லை. இப்போதும் கொடுக்கவில்லை. அடுப்பு முன்னால் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு இது, ரொட்டிக்கடைக்காரனா? பன்னட்ட இப்படி நட்டுக்குத்தா வெச்சிருக்கான்."

இஷ்பெல் நடந்ததைச் சொன்னாள். கிழவர் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, பன்னட்டின் வலப்பக்கத்தைக் காதுவரை இழுத்துவிட்டார்.

"வலது காதுக்குச் சாயணும். இடது பக்கம் பேட்ஜ் தெரியணும். இந்தா, இப்படி."

"எப்ப கழட்டலாம்?" என்றான் ஸ்ட்ரூவன்.

"காயற வரைக்கும் கழட்டக் கூடாது. ராணியே வந்தாலும் சரி." கைத்தடியை எடுத்துக்கொண்டு, "அன்னிக்கே ஒரு தரம் மாட்டியிருந்தா இன்னிக்கு இப்படி நடுங்க வேணாம்ல" என்றார்.

ஸ்ட்ரூவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தந்தி குடுக்கப் போறப்ப சைக்கிள் பார்ல என்னத்தான் உக்கார வெச்சுக்குவாரு. பதினோரு வீடு, சார்ஜென்ட். ஒவ்வொரு கேட்லயும் இதக் கழட்டி என் கைல குடுப்பாரு. நான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். உள்ள கத்தற சத்தம் கேக்கும். வெளிய வந்து வாங்கி மாட்டிக்குவாரு. எனக்கு அப்ப பத்து வயசு. இத நான் எப்படி மாட்டிக்குவேன்?"

"அப்பாகிட்ட சொன்னியாடா?" என்றாள் இஷ்பெல்.

"அவரு காது குடுத்துக் கேட்டாத்தானே."

அவளுக்குக் கோபம் பொங்கியது. பெட்டிக்குள் இருந்தவர்மேலும், நாற்காலியில் இருந்தவன்மேலும். தலை அளவுதான் ஒன்று என்றால் பிடிவாதமும் ஒரே அளவா என்று இருந்தது. ராட்டரி அடுப்பில் ரெண்டு கரி எடுத்துப் போட்டார். பிறகு ஸ்ட்ரூவனை நாற்காலியோடு நெருப்புப் பக்கம் திருப்பிவிட்டார்.

பன்னிரண்டுக்குப் போதகர் வந்து ஜெபம் பண்ண எழுந்தார். வந்திருந்த ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவன் மட்டும் கழற்றவில்லை.

"கர்த்தருக்கு முன்னால தொப்பியோடயா?" என்றார் போதகர், மெதுவாக.

"தொப்பி இல்லீங்க ஐயா, பன்னட்" என்றார் ராட்டரி. "இன்னும் ஈரம். அவன் கழட்டமாட்டான். நீங்க ஆரம்பிங்க."

இரண்டு மணிக்குப் பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். ஸ்ட்ரூவன் முன்னறைக்குள் போனான். இரண்டு கையாலும் பன்னட்டைக் கழற்றி, பெட்டிமேல் தலைமாட்டில் வைத்தான். உள்பக்கம் இன்னும் ஈரம் இருந்தது. ஆனால் சரிந்த வடிவம் கலையாமல், வலப்பக்கம் தாழ்ந்து, அப்பா வைத்தால் எப்படி உட்காருமோ அப்படியே உட்கார்ந்தது. ராட்டரி குனிந்து பார்த்தார். சரிபண்ண ஒன்றும் இருக்கவில்லை. நிமிர்ந்து, ஸ்ட்ரூவனிடம் கையை நீட்டினார்.

அவன் கை கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, சர்க்கரை ஜாடியிலிருந்த சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பன்னட்டின் பட்டை அழுத்தி அவன் நெற்றியில் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை ஒரு கோடு விழுந்திருந்தது. நேற்று அப்பாவுக்குத் தலை வாரிவிடும்போது இஷ்பெல் அதே கோட்டைப் பார்த்திருந்தாள்.

அவள் துண்டை நீட்டினாள். "தலையத் துவட்டிக்கடா. வெளிய தூறல்."

"காயட்டும்கா."

பெட்டிக்கு முன்னால், அதன் தலைமாட்டில், வெறுந்தலையோடு தெருவில் இறங்கினான். அவள் வாசலோடு நின்றுகொண்டாள். எதிர்ச்சாரியில் வீட்டுக்கு வீடு கிழவிகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் பெட்டியைப் பார்க்கவில்லை. அவன் தலையைப் பார்த்தார்கள்.