ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிவாக்கில் அவருக்குக் குளிரெடுக்கும். ஏழு மணிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொடும். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல மூச்சு முட்டும். திங்கள் மாலைக்குள் எல்லாம் வடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்றுமே நடக்காததுபோலப் பள்ளி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்படி ஏழு வாரம். கிருமிக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியாது. பிறகு எப்படி ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தேடிப் பிடித்து வருகிறது? அவர் மனைவிக்கு அதுதான் விளங்கவில்லை.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். திங்கள் மதியம் மாத்திரை, செவ்வாய் காலை குணம். போடாமல் விட்டாலும் செவ்வாய் காலை குணமாகியிருக்கும். ஆனால் போட்ட மாத்திரைக்குத்தானே பேர் கிடைக்கும்?

அவள் லாரி எடைமேடையில் எழுத்தர். லாரி வெறுமனே ஒரு தடவை ஏறும், சரக்கோடு ஒரு தடவை ஏறும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கின் எடை. வீட்டிலும் அதே புத்தி என்பதால் கணவர் அவளுக்கு வைத்த பெயர் ‘தராசு’.

கொல்லையில் அவள் வளர்ப்பது சாம்பல் நிறக் கோழிகள். பழைய இனம். ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வாங்கிய ஒரு சேவலிலும் மூன்று கோழிகளிலும் இருந்து, பதினேழு வருடமாக அவளே தேர்ந்தெடுத்து வளர்த்தது. இந்த நிறம் ஒரு விசித்திரம். சாம்பலும் சாம்பலும் சேர்ந்தாலும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் சாம்பலாக வரும். மீதியில் சரிபாதி கறுப்பு, சரிபாதி வெளுப்பு. வருடத்துக்கு அறுபது குஞ்சு பொரித்தால் இனத்துக்கு நிறுத்துவது பன்னிரண்டுதான்.

எட்டாவது வாரத்தில் கால்விரல் பார்ப்பாள். கோணல் இருந்தால் கழிவு. மார்பெலும்பின் மேல் ஒரு விரலை ஓட்டுவாள்; வளைவு தட்டுப்பட்டால் கழிவு. பதினாறாவது வாரத்தில் எடை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: தும்மினால் கத்தி. மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்த கோழி, மறுவருடம் மருந்து கேட்கும் குஞ்சுகளைத்தான் கொடுக்கும் என்பாள். ஒவ்வொரு கோழிக்கும் காலில் எண் போட்ட வளையம், நோட்டில் ஒரு பக்கம்.

நாலாவது வாரக் காய்ச்சலின்போது கணவருக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் திறந்தாள். தேதி, மணி, காய்ச்சல், எடை.

“எனக்கு என்ன நம்பர் போட்டிருக்கே?” போர்வைக்குள்ளிருந்து கேட்டார்.

“பேசாம படுங்க.”

“இந்த இருமலுக்கு, நான் கோழியா பொறந்திருந்தா போன மாசமே சட்டிக்குப் போயிருப்பேன், இல்ல?”

“நீங்க எட்டாவது வாரத்துலயே போயிருப்பீங்க. கால் விரல் கோணல்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்பதற்குள் உதடு நீலம் பாரித்தது.

ஏதோ ஒரு கோழிக்கு நோய் இருக்கிறது, அது இவருக்கு ஒட்டுகிறது என்று அன்றே அவள் முடிவு கட்டினாள். கோழி வளர்ப்பவளுக்கு வேறெப்படித் தோன்றும்? இரவு கூண்டருகே நின்று ஒவ்வொன்றின் மூச்சையும் காது கொடுத்துக் கேட்டாள். லேசாகக் கரகரத்தாலும் அந்த ஞாயிறு அதற்கு முடிவு. வழக்கமான கழிவோடு இவையும் சேர்ந்தன. நல்ல எடை, நேரான எலும்பு, தெளிந்த கண் உள்ளவை. நாலு வாரத்தில் பதினான்கு.

அறுப்பது அவள். இறகு பறிப்பது அவர். வெந்நீரில் முக்கிப் பறித்தால் எளிது; ஆனால் நனைந்த இறகு தலையணைக்கு ஆகாது. அதனால் காய்ந்தபடியே பறிப்பார். காற்றில் பறக்காமலிருக்கப் பின்னறை ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மடியில் சாக்கு விரித்து, மதியம் வரை உட்கார்ந்திருப்பார். அறை முழுவதும் மாவு சலித்ததுபோல ஒரு புகை மிதக்கும்.

எட்டாவது ஞாயிறு அவர் விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் போனார். கத்திக்கு ஓய்வு. அன்று காய்ச்சல் வரவில்லை. அடுத்து வந்த புதன்கிழமை விடுமுறை. தள்ளிப்போட்ட ஐந்து கோழிகளை அன்று முடித்தார்கள். மாலை ஆறு மணிக்கு அவருக்குக் குளிரெடுத்தது.

புதன்கிழமை.

அவர் நடுங்கிக்கொண்டு படுத்திருக்க, அவள் நோட்டைத் திறந்தாள். ஒரு கையில் அவருடைய பக்கம், மறு கையில் கழிவுப் பக்கம். இரண்டிலும் ஒரே தேதிகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. பறித்து முடித்த ஐந்தாறு மணி நேரத்தில் குளிர். அதிகம் பறித்த வாரம் அதிகக் காய்ச்சல். காய்ச்சலை நிறுத்தவென்று அவள் அறுத்த கோழிகள்தான் காய்ச்சலைக் கொண்டுவந்திருந்தன. பதினான்கில் எதற்கும் நோய் இல்லை.

டாக்டர் இரண்டு பக்கங்களையும் பார்த்தார். நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லி, அதையும் பார்த்த பிறகு சொன்னார்.

“வீட்ல கோழி இருக்கான்னு நான் கேக்கவே இல்லையேம்மா. இது கிருமி இல்ல. இறகுத் தூசி, எச்சத் தூசி. இவரு நுரையீரல் அதை எதிரின்னு நெனைச்சு சண்டை போடுது. சண்டை போட்ட எடமெல்லாம் தழும்பாகுது.”

“பதினேழு வருஷமா இல்லாம இப்ப எப்படி டாக்டர்?”

“சேந்துக்கிட்டே வரும். ஒரு நாள் உடம்பு போதும்னு சொல்லிடும்.”

“எனக்கு ஒண்ணும் வரலையே?”

“எல்லா உடம்பும் ஒண்ணா?”

ஒரே அடையில் பொரித்தவை ஒன்றுபோல இருப்பதில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“கோழி வீட்டை விட்டுப் போகணும்” என்றார் டாக்டர். அவள், “பறிக்கிறதை நிறுத்திடறோம்” என்றாள். இரண்டும் ஒன்றல்ல என்பது இருவருக்குமே தெரியும்.

பறிப்பது நின்றது. காய்ச்சலும் நின்றது. ஒரு மாதம் அவள் வென்றுவிட்டதாக நம்பினாள். நாற்பத்தொன்றாம் எண் வளையம் போட்ட சேவல் அப்போது முழு வளர்ச்சிக்கு வந்திருந்தது. விளிம்பு கறுத்த சாம்பல் இறகு, மூன்றரைக் கிலோ, கோல் வைத்ததுபோல் மார்பெலும்பு. பதினேழு வருடமாக மனதில் வைத்திருந்த சேவல் அது.

ஆனால் வாரா வாரம் அவரையும் தராசில் ஏற்றினாள். அறுபத்தெட்டு கிலோ இருந்தவர் அறுபத்தேழு. பிறகு அறுபத்தாறு. அறுபத்தைந்து. வீட்டு மாடிக்குப் பதின்மூன்று படி. இரண்டு இடத்தில் நின்று ஏறியவர் மூன்று இடத்தில் நின்றார். வேனில் பிள்ளைகளோடு பாடுவதை விட்டுவிட்டார். கூண்டு இருபதடி தள்ளி. காற்று இந்தப் பக்கம்தான் அடிக்கும். அவள் சேலை மடிப்பில் தூசி. ஒரு நாள் படுக்கை தட்டும்போது நினைவு வந்து கை நின்றது. அவர் தலைக்கடியில் இருந்த தலையணை முழுக்கக் கழித்த கோழிகளின் இறகு. வருடக்கணக்காக அதில் முகம் புதைத்துத்தான் தூங்கினார்.

தலையணையை எரித்தாள். அடுத்த வாரம் அறுபத்து நாலு.

கொஞ்சம் கொஞ்சமாகத் தூசி நெஞ்சுக்குள் போனால் காய்ச்சல் வராது. மொத்தமாகப் போனால்தான் வரும். காய்ச்சல் வராததால் நுரையீரல் தப்பிவிட்டது என்று அர்த்தமில்லை. சத்தமில்லாமல் இறுகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வாரம் நாத்தனார் வந்தாள். தம்பியின் தோளைத் தொட்டுப் பார்த்து, எலும்பு தட்டுப்பட, கையை எடுத்துக்கொண்டாள்.

“ஏம்மா, கோழியா புருஷனான்னு கேட்டா யோசிக்கிற ஒரே பொம்பளை நீதான்.”

“அக்கா, விடு” என்றார் அவர்.

“நீ வாயை மூடுடா. மூச்சு விடவே வக்கில்ல, வக்காலத்துக்கு வந்துட்டான்.”

“யோசிச்சேன் அண்ணி” என்றாள் அவள். “ரெண்டு மாசம் யோசிச்சேன். அதுல நாலு கிலோ போச்சு.”



மறுநாள் காலை அவள் கடைசித் தேர்வைச் செய்தாள். கோழிகளை எடுத்துக்கொள்ள வந்தவர் ஓர் எலக்ட்ரீஷியன். ஒரு சேவலுக்கும் ஐந்து கோழிகளுக்கும்தான் தன்னிடம் இடம் என்று சொல்லியிருந்தார். இருபத்தாறு நின்றன. ஒவ்வொன்றாகத் தூக்கி, விரலை ஓட்டி, இடுப்பெலும்புகளுக்கிடையே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்தாள். இரண்டு விரல் நுழைந்தால் நன்றாக முட்டையிடும். அவசரமே படவில்லை. நாற்பத்தொன்றைக் கூடையில் வைக்கும்போது மட்டும் அதன் வளையத்தை ஒருமுறை துடைத்தாள்.

“இவ்ளோ அழகா இருக்கே, ஏன் குடுக்கிறீங்க?” என்றார் எலக்ட்ரீஷியன்.

“அவருக்கு ஒத்துக்கல. இதுங்களைத் தனியா வைங்க. வேற கோழியோட விடாதீங்க.”

“அட, எங்கிட்ட ஏழெட்டு கறிக்கோழி சுத்துது. அதோட சேத்து விட்டாத்தாங்க குஞ்சு கொழுகொழுன்னு வரும்.”

அவள் சேவலைப் பார்த்தாள். கூடையைத் திரும்ப வாங்கிவிடலாம். கை நீட்டினால் போதும். மாடியில் அவர் இருமுவது கேட்டது.

“பறிக்கும்போது வெந்நீர்ல முக்கிடுங்க” என்றாள். “காய்ஞ்சபடி பறிக்காதீங்க. ஜன்னலைத் தொறந்து வைங்க.”

மீதி இருபதையும் அன்றே, வீட்டுப் பக்கம் காற்று வராதபடி, தெருவுக்கு அப்பாலிருந்த காலி மனையில் அறுத்தாள். வெந்நீரில் முக்கி அவளே பறித்தாள். மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் குளித்து, உடுத்தியிருந்ததைக் கொதிநீரில் போட்டுவிட்டு மேலே வந்தாள்.

“என்னை ஒரு தடவை தூக்கிப் பாரேன் தராசு” என்றார். “இப்பல்லாம் சுலபம்.”

அவள் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

நாத்தனார் வீட்டில் அவர் பத்து நாள் இருந்தார். அதற்குள் அவள் கூண்டின் மரத்தைத் தண்ணீர் அடித்து நனைத்த பிறகே பிரித்தாள். உலர்ந்த துடைப்பத்தைத் தொடவில்லை. பின்னறையின் சுவர், கூரை, ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் ஈரத் துணியால் மூன்று முறை துடைத்தாள். கொல்லை மண்ணை ஒரு சாண் வெட்டி அப்புறப்படுத்தினாள்.

நோட்டில் அவருடைய பக்கத்தில் இப்போது ஆறு வாரமாக ஒரே எண்: அறுபத்து மூன்றரை. பதின்மூன்று படிக்கு இரண்டு இடத்தில் நிற்கிறார். ஒரே மூச்சில் இனி ஏறமாட்டார். தழும்பானது தழும்பானதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வழி இதுதான்: அந்த வீட்டில் கோழி இருக்கக்கூடாது, கோழி இருந்த தூசியும் இருக்கக்கூடாது. இரண்டும் இல்லாவிட்டால் அவருக்குக் காய்ச்சல் வருவதில்லை, எடை குறைவதில்லை.