பதினொன்றே முக்கால் அடி

1

இப்போதெல்லாம் மழை பெய்கிறதா என்று பார்க்க யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை, போனைத் திறக்கிறார்கள். தொப்பலாக நனைந்துகொண்டே போனில் மழை பார்த்த ஒரு ஆளை நேற்று என் கண்ணால் பார்த்தேன். சொன்னால் கிழவனுக்கு வேலையில்லை என்பார்கள். இல்லைதான். அதனால்தான் கதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'பொங்கிப் பெருகும் நதியின் கரையில், கடமை தவறாத ஒரு—'

அடித்துவிட்டேன். அந்தப் பொய்யோடு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

2

அளவுக்காரர் என்று ஒருவர். பாலத்துத் தூணில் அடிக்கணக்கு எழுதியிருக்கும். ஆற்றுத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று காலையும் மாலையும் இறங்கிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. இருபத்தாறு வருடம் எழுதினார். வெயில் நாளில் எழுதியதெல்லாம் சத்தியம். மழை நாளில் ஆற்றுக்கு இறங்கும் எண்பத்திரண்டு படியும் வழுக்கும். அதனால் மேலே தன் அறை ஜன்னலிலிருந்தே பார்ப்பார். கரைப் பாறை முழுகினால் ஒன்பது அடி, கம்பி வேலி முழுகினால் பதினொன்று. பன்னிரண்டுக்கு மேல் எழுதினால் மணிக்கொரு தரம் இறங்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. ஆகவே அவர் பதிவேட்டில் தண்ணீர் ஒருநாளும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. வேலியையே அடித்துக்கொண்டு போன வருடத்தில்கூடப் பதினொன்றே முக்கால்தான்.

(படிக்கிறவர்கள் இரக்கப்படட்டும் என்று இவருக்கு ஒரு நொண்டிக் காலைக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. கால் நன்றாகத்தான் இருந்தது. உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அது என் கால். 'அவர்' என்று எழுதினால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, விடுங்கள்.)

3

அளவுக்காரரின் மகள் ஆற்றோரத்துப் பள்ளத் தெருவில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். மருமகனுக்கு வெளியூரில் வேலை. அப்பா வேலையில் இருந்த காலத்தில் அந்த இடம் வெறும் புதர். முழுகினாலும் கேட்க ஆளில்லை. ஆறு பன்னிரண்டைத் தாண்டாது என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் மனை போட்டார்களோ, என்னவோ.

போன மாதம் மகள் தன் போனை நீட்டினாள். பாலத்தில் இப்போது கருவி மாட்டியிருக்கிறார்களாம். மலையில் பெய்கிற மழையை வைத்து, தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று நாலு மணி நேரம் முன்பே போனில் வந்துவிடுமாம். பச்சை என்றால் காலை நீட்டிப் படுக்கலாம். சிவப்பு என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

"எவ்வளவு ஏறும்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பழைய பதிவேடெல்லாம் குடுத்துப் பழக்கியிருக்காங்களாம்ப்பா. நீங்க எழுதினதும் அதுல இருக்கும்."

பெருமையாகச் சொன்னாள். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு, கருவி மாட்டியவர்களின் அலுவலகம் எங்கே என்று கேட்டார்.

4

அலுவலகத்தில் சுவர் முழுக்கத் திரை. பொறியாளர் ஒரு பெண், மகள் வயதுதான் இருக்கும். நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. உட்கார்ந்து சொல்கிற விஷயமா அது? நின்றபடியே எல்லாவற்றையும் கக்கினார். அவள் கோபப்படவில்லை. ஒருவர் தப்பாக எழுதினால் கண்டுபிடித்துவிடலாம், மேலேயும் கீழேயும் இன்னும் நாலு பாலத்துப் பதிவேடு இருக்கிறது என்று கோடு கோடாகக் காட்டினாள்.

"பாருங்கய்யா, அஞ்சு பேர் எழுதினதும் எவ்வளவு அழகா ஒத்துப்போகுது. நீங்கதான் மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க."

அளவுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மழை நாளில் மேல்பாலத்துக்காரர் போன் போட்டு, உன்னுது எவ்வளவு என்று கேட்பார். கேட்டதில் அரை அடி கழித்து எழுதிக்கொள்வார். அவரைக் கேட்டு அடுத்தவர், அவரைக் கேட்டு இன்னொருவர்.

"ஒத்துப்போகத்தாம்மா செய்யும். எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் எழுதினாங்க."

(அவள் முகம் வெளிறியது என்று முதலில் எழுதினேன். வெளிறவில்லை. சிரித்தாள். வயதானால் ஊர் நடப்புக்கெல்லாம் தானே காரணம் என்று தோன்றும் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.) எழுதிக் கொடுங்கள், அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கிறேன் என்றாள்.

5

இனி 'அவர்' வேண்டாம்.

இன்று காலையிலிருந்து மலைப்பக்கம் கருகருவென்று கிடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு என்று மகளுக்குப் போன் செய்தேன். துணி காயப்போட்டிருக்கிறாளாம், பச்சைதான் காட்டுகிறதாம்.

"பதினொன்னே முக்காலுக்கு மேல ஏறாதாம்ப்பா. பேசாம சாப்பிட்டுப் படுங்க."

என் எண்ணை எனக்கே சொல்கிறாள்.

முடிவு ஒன்று: மழை மலையோடு நின்றுவிடுகிறது. இதை எழுதும்போதே வெளியே தூறல் விழுகிறது.

முடிவு இரண்டு: போன் சரியான நேரத்தில் சிவப்பாகிறது. கருவி என்னைவிட யோக்கியம் என்று ஊருக்குத் தெரிகிறது. அப்படியே நடக்கட்டும், நான் செருப்படி வாங்கத் தயார்.

முடிவு மூன்று: சின்னவனுக்கு நாலு வயது. தண்ணீர் வாசற்படியில்—

மாட்டேன். இதை எழுத மாட்டேன்.

இப்போது பொறியாளர் போன் செய்தாள். எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டார்களாம், கவலை வேண்டாமாம். சரிம்மா என்றேன். எதை வைத்துச் சரிபார்த்தார்கள் என்று கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மேலும் எனக்கு நம்பிக்கையில்லை. நல்லதாக ஒன்றை எழுதி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவீர்கள். பள்ளத் தெருவுக்கு இங்கிருந்து இருபது நிமிட நடை. மகள் கத்துவாள், கத்தட்டும். பிள்ளைகளைத் தோளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். எழுதிக்கொண்டே நடக்க முடியாது.